பளபளப்புக்கு மார்க் கிடையாது: பழைய கார் கேள்வி-பதில்

பழைய கார் கண்காட்சிகளில் பரிசு எதை வைத்து முடிவாகிறது என்று கேட்டு இந்த முறை நிறையக் கடிதங்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டு, இந்த இதழில் என் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: சமீபத்தில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தோம். கண்ணைப் பறிக்கிற மாதிரி மின்னிய காரை விட்டுவிட்டு, பெயிண்ட் மங்கி, சீட்டில் வெடிப்பு விழுந்த ஒரு காருக்கு முதல் பரிசு கொடுத்தார்கள். வேண்டியவர் என்று கொடுத்துவிட்டார்களா? (வாசகர், ஈரோடு)

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தை வைத்துப் பார்த்தால், நடுவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். சுற்றி நின்று பார்க்கிற நமக்கு முதலில் கண்ணில் படுவது மினுமினுப்பு. நடுவர் தேடுவது வேறு. இந்தக் கார் கம்பெனியிலிருந்து வெளியே வந்த நாளில் எப்படி இருந்ததோ, அதற்கு இன்று எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதைத்தான் அவர் பார்க்கிறார். அந்த அளவுகோலில், அறுபது வருடத்துக்கு முன்னால் தொழிற்சாலையில் அடித்த பெயிண்ட் மங்கிப்போயாவது மிச்சமிருக்கிற கார், போன மாதம் பட்டறையில் கிளியர் கோட் என்ற பளபளப்புப் பூச்சு அடித்து வந்த காரைத் தாண்டிப் போனால் ஆச்சரியமில்லை.

இந்த உலகத்தின் பெரிய மேடை என்றால் அது அமெரிக்காவில், கலிபோர்னியாவின் மான்டரே தீபகற்பத்தில் இருக்கிற பெபிள் பீச். 1950 முதல் அங்கே கான்கோர்ஸ் என்கிற கார் அழகுப் போட்டி நடக்கிறது. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடலை ஒட்டிய கோல்ஃப் மைதானத்தின் புல்வெளியில் ஏறக்குறைய 200 கார்கள் வரிசையாக நிற்கும். 2024-ல் அங்கே 'பெஸ்ட் ஆஃப் ஷோ' வாங்கியது 1934-ம் வருடத்து புகாட்டி டைப் 59. கிராண்ட் பிரீ பந்தயத்துக்காகச் செய்த வண்டி அது. பிறகு பெல்ஜியம் அரசர் மூன்றாம் லியோபோல்டு கைக்குப் போனபோது அதற்குக் கருப்பு வண்ணம் பூசினார்கள். அந்தக் கருப்புதான் கீறலும் உரிசலுமாக இன்றைக்கும் அதன் மேல் இருக்கிறது, யாரும் சுரண்டவில்லை, யாரும் மேலே பூசவும் இல்லை. புதுப்பிக்காமல் அப்படியே காப்பாற்றி வைத்த கார்களுக்கென்று அங்கே தனிப் பிரிவு உண்டு. அந்தப் பிரிவிலிருந்து வந்த ஒரு கார் மொத்தத்துக்கும் முதலாவதாக வந்தது அந்தப் போட்டி வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. ரொம்பத் தாமதமாக நடந்த நல்ல காரியம் என்பது என் கருத்து.

கேள்வி: நூற்றுக்கு நூறு என்று மார்க் போடுவார்களா? நடுவர்கள் எத்தனை பேர், யார்? (வாசகர், மதுரை)

பதில்: மார்க் உண்டு, ஆனால் பள்ளிக்கூடப் பரீட்சைக்கு நேர் எதிர். அங்கே பூஜ்யத்தில் தொடங்கிச் சேர்த்துக்கொண்டே போவார்கள், இங்கே முழு மார்க்கைக் கையில் கொடுத்துவிட்டு ஒவ்வொரு குறைக்கும் பிடுங்கிக்கொண்டே வருவார்கள்.

எத்தனையிலிருந்து தொடங்குவது என்பது அமைப்புக்கு அமைப்பு மாறும். பெபிள் பீச்சில் 100. அமெரிக்காவில் 1935-ல் தொடங்கிய ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப் ஆஃப் அமெரிக்கா என்ற பழம்பெரும் சங்கத்தில் 400. செவ்ரலே கார்வெட் கார்களுக்கு மட்டுமே இருக்கிற என்.சி.ஆர்.எஸ். என்ற அமைப்பில் 4,500! தட்டச்சுப் பிழை என்று நினைக்க வேண்டாம், நாலாயிரத்து ஐந்நூறுதான். வெளிப்புறம், உட்புறம், இன்ஜின், சேஸிஸ் (அடிச்சட்டம்), இயக்கம் என்று பிரித்துக்கொண்டு தனித்தனிக் குழுக்கள் பார்க்கும். ஒவ்வொரு பொருளுக்கும் 'அசலா?' என்று ஒரு மார்க், 'நல்ல நிலையில் இருக்கிறதா?' என்று இன்னொரு மார்க். அதாவது அசல் பெட்ரோல் டேங்க் மூடி துருப்பிடித்திருந்தால் ஒரு பக்கம் மார்க் கிடைக்கும், இன்னொரு பக்கம் போகும். 94 சதவீதம் எடுத்தால்தான் அவர்களுடைய முக்கிய விருதான 'டாப் ஃப்ளைட்' கிடைக்கும். இந்த இரட்டைக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்த முறை. பழையதைப் பழையதாகவே வைத்திருந்தவருக்கு அதில் ஒரு நியாயம் கிடைத்துவிடுகிறது.

நடுவர்களைப் பற்றி. பெபிள் பீச்சில் இரண்டு வகை. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு குழுவாக வருகிற நடுவர்கள் முதல் வகை. அந்தக் குறிப்பிட்ட கம்பெனி, அந்தக் காலகட்டம் இரண்டையும் கரைத்துக் குடித்தவர்கள். போனட்டைத் திறக்கச் சொல்வதும், டார்ச் அடித்துக் குனிந்து அடியில் பார்ப்பதும், ஹாரன் அடிக்கச் சொல்வதும் இவர்கள்தான். இரண்டாவது வகை கௌரவ நடுவர்கள். கார் வடிவமைப்பாளர்கள், பெரிய பந்தய ஓட்டுநர்கள், கார் கம்பெனிகளின் பெரிய தலைகள் என்று வருவார்கள். இவர்கள் நட்டு போல்ட்டை எண்ணுவதில்லை, கோடு எப்படி ஓடுகிறது, அளவுகள் எப்படிப் பொருந்துகின்றன, மொத்தத்தில் வண்டி எப்படி நிற்கிறது என்று அழகைப் பார்ப்பார்கள். பிரிவுகளில் முதலிடம் பிடித்த கார்கள் மட்டும் கடைசிச் சுற்றுக்குப் போகும். அங்கே மார்க் இல்லை, வாக்கு.

கேள்வி: சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் மார்க் போய்விடும் என்கிறார்களே, எவ்வளவு சின்னது? உதாரணம் சொல்ல முடியுமா? (வாசகர், திருச்சி)

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். ஸ்க்ரூவிலிருந்தே தொடங்கலாம்.

1930-ம் வருடத்துக் கார் ஒன்று நிற்கிறது என்று வையுங்கள். கதவின் உள்பக்கப் பலகையில் நான்கு ஸ்டார் ஸ்க்ரூ. நடுவர் பேனாவை எடுத்துவிடுவார். ஏனென்றால் ஸ்டார் ஸ்க்ரூ கார் தொழிற்சாலைகளுக்குள் வந்ததே 1930-களின் நடுவில்தான், கேடிலாக் அதில் முன்னோடி. அதற்கு முந்தைய வண்டி என்றால் மைனஸ் ஸ்க்ரூவாகத்தான் இருந்தாக வேண்டும். வேறு எதையும் தொடாமலே, இந்தக் கதவை யாரோ பிற்காலத்தில் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள் என்பது அந்த ஒரு ஸ்க்ரூவில் தெரிந்துபோகும்.

அடுத்தது குரோம். கிரில், விளக்கு வளையம், பம்பர் எல்லாம் வெள்ளை வெளேரென்று நீல ஓட்டத்தோடு மின்னினால் நமக்குப் பிடிக்கும். 1922-ம் வருடத்துக் காரில் அப்படி மின்னினால் தப்பு. கார்களில் குரோம் முலாம் பரவியது 1920-களின் கடைசியில்தான். அதற்கு முன்னால் நிக்கல். நிக்கலில் லேசாக ஒரு மஞ்சள் கலந்த இதமான ஒளி இருக்கும், துடைக்காமல் விட்டால் சீக்கிரம் மங்கிவிடும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு வாழ்நாளுக்கும் குழப்பம் வராது. குரோம் முலாம் பூசுகிற பட்டறை ஊருக்கு ஊர் இருப்பதால், செலவு செய்து கெடுத்துக்கொள்கிறவர்கள் அதிகம்.

பெயிண்ட்டும் அப்படித்தான். கார்களுக்கு ஸ்ப்ரே செய்கிற நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர், நம் பெயிண்டர்கள் என்.சி. பெயிண்ட் என்பார்களே அது, 1920-களின் முதல் பாதியில் டுபான்ட் கம்பெனியின் டியூகோ மூலமாகப் பரவியது. அதற்கு முன்னால் குதிரை வண்டிக்குப் பூசிய மாதிரியே பிரஷ்ஷால் வார்னிஷ் பூசி வாரக்கணக்கில் காய வைத்தார்கள். இப்போது எல்லாப் பட்டறையிலும் அடிப்பது பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட். ஆழமாக, ஈரம் மாதிரி மின்னும். 1950-களின் காரில் அந்த மினுமினுப்பு இருந்ததே இல்லை. லேக்கரின் பளபளப்பு மென்மையானது. நேரில் பார்த்தால்தான் தெரியும், போட்டோவில் தெரியாது.

அப்புறம் வயர். துணி சுற்றிய வயர் இருக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் வயரும் இன்சுலேஷன் டேப்பும். ரேடியேட்டர் ஓஸைப் பிடித்திருக்கிற கிளாம்ப் இப்போது கடையில் வாங்கிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நட்டுக்குள் நைலான் வளையம். கண்ணாடி மூலையில் இன்றைய கம்பெனியின் முத்திரை. குறுக்கு நூல் டயர் இருக்க வேண்டிய வண்டியில் ரேடியல் டயர் (ரேடியல் என்பதே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்தது). பழைய கருப்புப் பெட்டி பேட்டரி இருந்த இடத்தில் பிளாஸ்டிக் கைப்பிடி வைத்த புது பேட்டரி. ஒவ்வொன்றும் அரை மார்க், ஒரு மார்க் என்றுதான் போகும். ஆனால் முதலிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் இடையில் பல நேரம் அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தொழிற்சாலையில் செய்ததைவிட நன்றாகச் செய்துவிட்டாலும் மார்க் அதிகமாகாது, சில இடங்களில் குறையும். ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப்பின் விதி தெளிவாகச் சொல்கிறது: அந்தக் காலத்தில் டீலர் வாடிக்கையாளருக்கு டெலிவரி கொடுக்கத் தயார் செய்து நிறுத்திய நிலைதான் உச்சம், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கார்வெட்காரர்கள் இதை எந்த எல்லை வரை கொண்டுபோயிருக்கிறார்கள் என்றால், அசெம்பிளி லைனில் இன்ஸ்பெக்டர் சாக்கட்டியால் போட்ட கிறுக்கல், சேஸிஸில் தப்பித் தெறித்த பெயிண்ட் இரண்டும் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். முதலில் கேட்கும்போது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். எனக்கு அதில் மரியாதைதான் வருகிறது. அந்தத் தெறிப்பு அந்த லைனில் நின்று வேலை செய்த ஒரு தொழிலாளியின் கை. அதை அழித்துவிட்டு மழமழவென்று ஆக்கினால் வண்டி அழகாகும், ஆனால் அவர் காணாமல் போய்விடுவார்.

கேள்வி: தாத்தா 1960-களில் வாங்கிய அம்பாசடர் மார்க் 2 எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. ஒரே குடும்பம், ஒரே ஆர்.சி. புக். பெயிண்ட் மங்கிவிட்டது, முன் சீட் கிழிந்திருக்கிறது, கீழே ஆங்காங்கே துரு. கண்காட்சியில் வைக்க ஆசை. முழுக்கப் பிரித்து டிங்கர் வேலை பார்த்து, பெயிண்ட் அடித்து, புது சீட் போட்டுவிடலாம் என்று மெக்கானிக் அண்ணன் சொல்கிறார். செய்யலாமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: அம்மா, தயவுசெய்து கொஞ்சம் பொறுங்கள். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும் வரை அந்த வண்டியில் உப்புத்தாள் படக்கூடாது.

உங்களிடம் இருப்பது ஒரு குடும்பத்தை விட்டு வெளியே போகாத, பெயிண்ட்கூட மாற்றாத வண்டி. கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 வரை அம்பாசடர் செய்தது. நாடு முழுக்க ஓடியது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை டாக்ஸியாகவும் சர்க்கார் வண்டியாகவும் அடிபட்டு, நாலைந்து தடவை பெயிண்ட் மாறி, ஹேண்ட் கியரை எடுத்துவிட்டுத் தரையில் கியர் வைத்து, பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி டீசல் இன்ஜின் ஏற்றி, மார்க் 2 உடம்புக்குப் பிற்காலத்து கிரில்லும் விளக்கும் மாட்டித் திரிந்தவை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே ஒன்று ஷெட்டில் நிற்கிறது என்பது சாதாரண விஷயமில்லை. முழுதாகப் புதுப்பித்த அம்பாசடர் வேண்டுமானால் பணம் இருந்தால் நாளைக்கே ஒன்று செய்துவிடலாம். உங்கள் தாத்தா வாங்கிய பெயிண்ட்டோடு இருக்கிற அம்பாசடரை யாராலும் செய்ய முடியாது, சுரண்டிவிட்டால் உங்களாலும் முடியாது.

சரி, அப்படியென்றால் ஒன்றுமே செய்யக்கூடாதா? செய்ய வேண்டும், ஆனால் வரிசை முக்கியம். முதலில் எதையும் தொடாமல் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள், வெளியே, உள்ளே, போனட்டுக்கு அடியில், டிக்கி, அடிப்பக்கம், ஸ்டெப்னி, டூல்ஸ் பை எல்லாம். பிறகு துருவை நிறுத்துங்கள். துரு என்பது கௌரவம் கிடையாது, அது வண்டியைத் தின்றுகொண்டிருக்கிறது. தரைத் தகடு ஓட்டையாகியிருந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டி அதே தடிமன் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொல்லுங்கள், அந்த இடத்துக்கு மட்டும் பெயிண்ட். பட்டி வைத்து மூடிவிடலாம் என்றால் சம்மதிக்க வேண்டாம். பிரேக், பெட்ரோல் டியூப், வயரிங், டயர் இவற்றில் உயிர் சம்பந்தப்பட்டிருக்கிறது, அவற்றைத் தயங்காமல் சரிசெய்யுங்கள், மாற்ற வேண்டியதை மாற்றுங்கள். கழற்றிய பழைய பாகம் எதையும் காயலான் கடைக்குப் போட வேண்டாம், சீட்டு ஒட்டி ஒரு பெட்டியில் வையுங்கள்.

பெயிண்ட்டை மெதுவாகக் கழுவி, காரமில்லாத பாலிஷ் போட்டு, மெழுகு பூசிப் பாருங்கள். அடியிலிருந்து எவ்வளவு உயிர் வருகிறது என்று ஆச்சரியப்படுவீர்கள். சீட் கிழிசலை உள்பக்கத்திலிருந்து துணி வைத்துத் தைக்கலாம். மொத்த சீட் கவரையும் மாற்றினால் அந்த ரெக்ஸினின் தையல் வரிசை, நிறம், பழைய வாசனை எல்லாமே போய்விடும்.

பழைய வாகனங்களுக்கான உலகக் கூட்டமைப்பு ஃபிவா, 1966-ல் தொடங்கியது. அவர்களுடைய டூரின் சாசனம் சொல்வதும் ஏறக்குறைய இதேதான்: முடிந்தவரை காப்பாற்று, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் பழுது பார், முழுதாகப் புதுப்பிப்பது கடைசி வழி. மெக்கானிக் அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். புதுசு மாதிரி ஆக்கித் தருவதுதான் அவருக்குத் தொழில் பெருமை. அவரிடமே இதை எடுத்துச் சொல்லி, ஓடுகிற நிலைக்குக் கொண்டுவருகிற வேலையை அவர் கையிலேயே கொடுங்கள்.

கேள்வி: என் பழைய ஃபியட்டுக்கு ஏ.சி.யும் டிஸ்க் பிரேக்கும் வைத்திருக்கிறேன். போட்டியில் சேர்ப்பார்களா? (வாசகர், சேலம்)

பதில்: மாற்றியமைத்த கார்களுக்குத் தனிப் பிரிவு இருக்கிற கண்காட்சியில் சேர்ப்பார்கள், அங்கே வேலைப்பாட்டுக்கு மார்க். அசல் பிரிவில் வைத்தால் அடிவாங்கும். சீட் பெல்ட் மாதிரி பாதுகாப்புக்காகச் சேர்த்ததை ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப் போன்ற அமைப்புகள் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. விண்ணப்பத்திலேயே மாற்றங்களை எழுதிவிடுங்கள், நடுவர் கண்டுபிடித்துச் சொல்வதைவிட நீங்களே சொல்வது நல்லது.

கேள்வி: ஃபியட் வைத்திருப்பவர் ரோல்ஸ் ராய்ஸோடு மோதினால் ஜெயிக்க முடியுமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: மோதவே வேண்டியதில்லை. காலம், நாடு, கம்பெனி, உடல் அமைப்பு என்று பிரித்துத்தான் நிறுத்துவார்கள். உங்கள் ஃபியட்டுக்குப் போட்டி இன்னொரு ஃபியட்டோ ஹெரால்டோதான். ஹெரால்டு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டு இரண்டு கதவு வண்டி. அதற்கு நான்கு கதவு வைத்து மார்க் 3 என்று செய்தது நம் சென்னையில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி. வேறு எங்கும் அது கிடையாது. நல்ல நிலையில் ஒரு நான்கு கதவு ஹெரால்டைக் கண்காட்சியில் வைத்தால், விஷயம் தெரிந்த வெளிநாட்டு நடுவர் ரோல்ஸ் ராய்ஸைத் தாண்டி வந்து அதன் பக்கத்தில் நிற்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ரோல்ஸ் ராய்ஸை அவர் ஊரிலேயே ஆயிரம் பார்த்திருப்பார்.

கேள்வி: 'மேட்ச்சிங் நம்பர்' என்கிறார்கள். காகிதம் இல்லாவிட்டால் பரிசு இல்லையா? எங்களிடம் ஆர்.சி. மட்டும்தான் இருக்கிறது. (வாசகர், சென்னை)

பதில்: தொழிற்சாலையில் எந்த சேஸிஸோடு எந்த இன்ஜின் போனதோ அதே ஜோடி இன்றும் சேர்ந்திருப்பதுதான் மேட்ச்சிங் நம்பர். சேஸிஸ் தகட்டில் ஒன்று, இன்ஜின் பிளாக்கில் குத்தியிருப்பது ஒன்று, ஆர்.சி.யில் இரண்டும். சில கம்பெனிகளின் வார்ப்பில் தேதிக் குறியீடுகூட இருக்கும். காரைச் செய்து முடித்த தேதிக்குப் பிறகு வார்த்த பிளாக் உள்ளே உட்கார்ந்திருந்தால் கதை முடிந்தது.

காகிதம் இல்லையென்றால் வெளியே அனுப்பிவிட மாட்டார்கள். ஆனால் சந்தேகம் வரும்போது நிரூபிக்க வேண்டியவர் நீங்கள்தான். குறிப்பாக மகாராஜாக்களின் கார்கள் வரும்போது இது பெரிய விவகாரம். பெபிள் பீச்சில் 2012-லும் 2018-லும் இந்திய மகாராஜாக்களின் கார்களுக்குத் தனி வரிசையே வைத்தார்கள். அந்த வண்டிகளில் கூடுதல் விளக்கு, பாம்பு ஹாரன், அரச முத்திரை, நினைத்த நிறம் என்று என்னென்னவோ இருக்கும். எது ராஜா ஆர்டர் கொடுத்துப் போட்டது, எது பின்னால் வாங்கியவர் ஆசைக்கு மாட்டியது? ஒரு பழைய போட்டோ, கம்பெனியின் ஆர்டர் சீட்டு ஒன்று இருந்தால் மார்க் நிற்கும். அதனால் வீட்டு ஆல்பங்களைத் தேடுங்கள். கல்யாண ஊர்வலத்தில், கோயில் வாசலில், யாராவது சாய்ந்து நின்று எடுத்த படத்தில் கிரில்லும் நம்பர் பிளேட்டும் தெரியும். சர்வீஸ் பில், இன்சூரன்ஸ் சீட்டு எதையும் விட வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலையில் மத்திய அரசு பழைய வாகனப் பதிவுக்கென்றே விதி கொண்டுவந்தது. 50 வருடத்துக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் செய்யாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகளோடு தனி நம்பர் வரிசை. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், மறுபதிவுக்கு 5,000. அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டவோ வாடகைக்கு விடவோ முடியாது. கண்காட்சி, ரேலி, பராமரிப்பு, எரிபொருள் போடப் போவது இவற்றுக்கு மட்டும். வயது வரம்பு ஒவ்வொரு இடத்திலும் வேறு என்பதையும் கவனியுங்கள்: ஃபிவாவுக்கு 30 வருடம், ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப்புக்கு 25.

கேள்வி: அன்றைய தினம் நடுவர் வரும்போது என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது? முதல் தடவை கலந்துகொள்கிறேன், படபடப்பாக இருக்கிறது. (வாசகி, கோவை)

பதில்: வண்டி பக்கத்திலேயே இருங்கள். போனட், டிக்கி, கதவு எதைத் திறக்கச் சொன்னாலும் நீங்கள் திறக்க வேண்டும், நல்ல நடுவர் அனுமதியில்லாமல் வண்டியைத் தொட மாட்டார். இன்ஜினை ஸ்டார்ட் செய்யச் சொல்வார்கள். ஹெட்லைட், பிரேக் லைட், இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் எல்லாம் போட்டுக் காட்டச் சொல்வார்கள். வருடக்கணக்கில் அழகு பார்த்துவிட்டுப் பின் விளக்கு பல்பு ஃபியூஸ் என்று மார்க் இழப்பதைப் பார்த்தால் வயிறு எரியும், அதனால் முந்தின நாள் ராத்திரியே எல்லாவற்றையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

தீயணைப்பான் ஒன்று கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். ஆன்டிக் ஆட்டோமொபைல் கிளப்பில் அது இல்லாத வண்டியை மார்க் போடவே எடுக்க மாட்டார்கள். பழைய கார்பரேட்டர், பழைய ரப்பர், வெயில் மூன்றும் சேர்கிற இடம் கண்காட்சி மைதானம், விதி இல்லாவிட்டாலும் அது வேண்டும். ஜாக்கி, வீல் ஸ்பேனர், அசல் டூல்ஸ் இருந்தால் டிக்கியில் ஒரு துணி விரித்து வரிசையாக வையுங்கள்.

கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள், சுருக்கமாக. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். 'இது மாற்றியது, அசல் பாகம் வீட்டில் இருக்கிறது' என்று சொன்னால் யாரும் தூக்கில் போட மாட்டார்கள். பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அதற்குப் பிறகு மற்ற எல்லாவற்றையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். முடிவு வந்த பிறகு சண்டைக்குப் போக வேண்டாம், ஆனால் எங்கே மார்க் போனது என்று கேளுங்கள். பல அமைப்புகள் மார்க் தாளைக் காட்டும் அல்லது பேசி விளக்கும். உங்கள் காரைப் பற்றி அவ்வளவு தெரிந்த ஒருவர் இலவசமாகச் சொல்கிற யோசனை வேறு எங்கே கிடைக்கும்? நீங்கள் கோவை என்பதால் சொல்கிறேன், அவினாசி சாலையில் ஜி.டி. நாயுடு வளாகத்தில் இருக்கிற ஜீடி கார் அருங்காட்சியகத்துக்குப் போய் ஒரு மதியம் முழுக்கச் செலவிடுங்கள். கார்களை மொத்தமாகப் பார்க்காமல் ஸ்க்ரூ, கைப்பிடி, விளக்குக் கண்ணாடி என்று ஒன்றொன்றாகப் பாருங்கள். கண் பழகிவிடும்.

கேள்வி: அழகுக்கு எப்படி மார்க் போட முடியும்? எப்போதும் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பெரிய கார்களுக்கே கொடுக்கிறார்கள் என்று ஒரு குற்றச்சாட்டு இருக்கிறதே? (வாசகர், புதுச்சேரி)

பதில்: குற்றச்சாட்டில் நியாயம் இருக்கிறது. பெபிள் பீச்சின் ஆரம்ப வருடங்களில் புத்தம் புதுக் கார்கள்தான் ஜெயித்தன. 1955-ல் ஃபில் ஹில் (பின்னாளில் 1961-ல் ஃபார்முலா ஒன் உலக சாம்பியன் ஆனவர்) தன் குடும்பத்தார் புதிதாக வாங்கி வைத்திருந்த 1931 பியர்ஸ் ஆரோவைப் புதுப்பித்துக் கொண்டுவந்து ஜெயித்தார். அதிலிருந்து காற்று அந்தப் பக்கம் திரும்பியது. 1968-க்குப் பிறகு போருக்குப் பிந்தைய கார் ஒன்றுகூட முதலிடம் வரவில்லை, 2014-ல் 1954 ஃபெராரி 375 எம்.எம். வரும் வரை. நாற்பத்தாறு வருடம்! அந்தக் கால டியூசன்பெர்க், புகாட்டி, மெர்சிடிஸ் கார்களின் உடலை ஒவ்வொன்றாகக் கையால் தட்டிச் செய்தார்கள், அதனால் அழகில் அவற்றோடு போட்டி போடுவது கஷ்டம் என்பது உண்மைதான். இருந்தாலும் நாற்பத்தாறு வருடம் என்பது ரசனையைவிடப் பழக்கத்தைத்தான் காட்டுகிறது.

இத்தாலியில் கோமோ ஏரிக்கரையில் 1929-ல் தொடங்கிய வில்லா தெஸ்தே கான்கோர்ஸில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நடுவர்கள் தேர்ந்தெடுக்கும் பரிசு தனி, வந்திருக்கும் பார்வையாளர்கள் வாக்குப் போட்டுக் கொடுக்கும் 'கோப்பா தோரோ' தனி. இரண்டும் ஒரே காருக்குப் போகிற வருடமும் உண்டு, போகாத வருடமும் உண்டு. நம் ஊர் கண்காட்சிகளிலும் மக்கள் வாக்குக்கு ஒரு பரிசு கட்டாயம் வைக்க வேண்டும். பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு வெயிலில் நின்று பார்க்கிறார்களே, அவர்களுக்கும் ஒரு வாக்கு இருக்கட்டும்.

கேள்வி: லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, மாலையில் லாரியிலேயே கொண்டுபோகிறார்கள். ஓடாத காருக்குப் பரிசு நியாயமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: நியாயமில்லை என்று பெரிய அமைப்புகளே நினைக்கின்றன. பெபிள் பீச்சில் பரிசு வாங்க மேடைக்கு வரும் கார் தன் இன்ஜினில்தான் ஓடி வர வேண்டும். போட்டிக்கு முந்தைய வியாழக்கிழமை ஒரு நீண்ட பயணமும் வைக்கிறார்கள், கட்டாயம் கிடையாது. ஆனால் பிரிவில் இரண்டு கார்கள் சம மார்க்கில் நின்றால், அந்தப் பயணத்தை ஓடி முடித்த காருக்குத்தான் முதலிடம். நம் நாட்டில் டெல்லியில் 1964-ல் தொடங்கிய ஸ்டேட்ஸ்மன் கண்காட்சியின் பெயரிலேயே ரேலி இருக்கிறது, வண்டிகள் தெருவில் ஓட வேண்டும், மக்கள் பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் யாராவது இப்படி ஒன்று நடத்தத் திட்டமிட்டால், காலையில் பெரிய கோயிலிலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றை விதியில் சேர்க்கச் சொல்லுங்கள். மேட்டில் இன்ஜின் சூடாகி நிற்கிற வண்டி எது, நிற்காமல் வருகிற வண்டி எது என்று நடுவருக்கு முன்னால் ஊருக்கே தெரிந்துவிடும்.